மூன்று மணிக்கு விழிப்பது குற்றமல்ல

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பேருந்துகளின் இரைச்சல் தொடங்க வெகு நேரம் முன்பே பழவங்காடி விழித்துக்கொள்கிறது. பத்மநாபசுவாமி கோயிலில் நிர்மால்ய தரிசனத்துக்காக அதிகாலை 3.30 மணிக்கே நடை திறக்கிறது. சற்றுத் தள்ளி, ராணுவத்தின் பொறுப்பில் உள்ள பழவங்காடி கணபதி கோயிலில் விடிந்ததும் விடியாததுமாகத் தேங்காய்கள் சிதறத் தொடங்குகின்றன. கோட்டைக்குள் உள்ள அக்ரஹாரத் தெருக்களிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அந்த வீடுகளில் எண்பது, தொண்ணூறைத் தாண்டியவர்கள் அதற்குள் எழுந்து, வாய் கொப்பளித்து, காபிக்குக் காத்திருப்பது புதிதல்ல. அதை ஒரு நோயாக வீட்டார் பார்க்கத் தொடங்கியிருப்பதுதான் புதிது.

டாக்டரிடம் போகும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அப்பா ராத்திரி தூங்கறதே இல்லை. மூணு மணிக்கே எழுந்து லைட்டைப் போட்டுடறார். எங்களுக்கும் தூக்கம் போச்சு." பெரியவரைக் கேட்டால் அவரும் ஆமோதிப்பார். கண்ணை மூடியே வருஷக்கணக்காகிறது என்பார். ஆனால் ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்து எட்டு மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு எழுந்தால், ஏழு மணி நேரம் படுக்கையில் இருந்திருக்கிறார். மத்தியானம் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் நாற்காலியிலேயே அரை மணி நேரம் என்று மேலும் சேர்கிறது. கூட்டிப் பார்த்தால் குறை ஒன்றுமில்லை. இடிப்பது கடிகாரம்தான். அவருடைய நாள் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிகிறது. மகனுடைய நாளோ டிவியும் கைப்பேசியும் அணைந்த பிறகு பதினொன்றரைக்கு முடிகிறது. ஒரே வீட்டில் இரண்டு நேரங்கள் ஓடுகின்றன.

இந்தச் சின்னச் சச்சரவுக்குத் தீர்வாக ஒரு தூக்க மாத்திரை வீட்டுக்குள் வருகிறது. விஷயம் பெரிதாவது அங்கேதான். மிக முதிய வயதில் தூக்கத்தைத் தனியாகப் பார்க்க முடியாது. தானே எழுந்து, தானே குளித்து, தானே உடுத்தி, தானே கழிப்பறைக்குப் போய்வரும் திறனோடு அது பின்னிக் கிடக்கிறது. ஒன்றில் கை வைத்தால் மற்றது ஆட்டம் காண்கிறது.

கேரளத்துக்கு இது தள்ளிப்போடக் கூடிய கவலை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2020-இல் வெளியிட்ட கணிப்பு, கேரளத்தின் பங்கு 2021-இல் 16.5 சதவீதமாகவும் 2031-இல் 20.9 சதவீதமாகவும் ஏறும் என்கிறது. அதாவது, ஐந்தில் ஒருவர். தமிழ்நாடும் அதிகம் பின்தங்கவில்லை: அதே கணிப்பில் 2021-க்கு 13.6, 2031-க்கு 18.2 சதவீதம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் இருவர், சில வருடங்களில் ஒருவர், கூடவே சம்பளத்துக்கு ஒரு ஹோம் நர்ஸ் என்ற காட்சி திருவனந்தபுரத்தில் சகஜம். அந்த ஒருவர் இரவில் எப்படித் தூங்குகிறார், காலையில் எப்படி எழுகிறார் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் நிம்மதியே அடங்கியிருக்கிறது.

வயதானால் தூக்கம் ஏன் மாறுகிறது? முதல் காரணம், உடலுக்குள் ஓடும் கடிகாரம் முன்னே நகர்கிறது. இளமையில் இரவு பதினொரு மணிக்கு வரும் உறக்கம் முதுமையில் எட்டரைக்கே வந்து கதவைத் தட்டுகிறது. விழிப்பும் அதே அளவு முந்துகிறது. இரண்டாவது, ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைந்து மேலோட்டமான உறக்கத்தின் பங்கு கூடுகிறது. இளைஞனை எழுப்பாத சின்னச் சத்தம் கிழவரை எழுப்பிவிடும். மூன்றாவது, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் சுரப்பு மங்குகிறது. கண்ணின் லென்ஸ் வயதோடு மஞ்சளிப்பதால், பகல் வந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் வெளிச்சமும் உள்ளே குறைவாகவே போகிறது. இதெல்லாம் நோய் அல்ல. நரைபோல, சுருக்கம்போல வயதின் இயல்பு. ஆனால் வயதானால் தூக்கமே தேவையில்லை என்பதும் தவறு. அமெரிக்காவின் தேசிய உறக்க அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஏழு முதல் எட்டு மணி நேரம் என்கிறது. இளையவர்களைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

இயல்பு எது, கோளாறு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. இரவில் நாலு தடவை எழுப்புவது தூக்கமின்மையா, சிறுநீரா? பெரும்பாலும் சிறுநீர். முதிய உடலில் இரவில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனின் தாளம் தளர்கிறது. பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பாதங்களில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராகிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், நீரிழிவு, மாலையில் விழுங்கும் நீர் இறக்கும் மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மூட்டு வலி, நெஞ்செரிச்சல், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, கால் குடைச்சல், மனச்சோர்வு இவையும் பட்டியலில் உண்டு. இந்தக் காரணங்களில் எதையும் தூக்க மாத்திரை தொடுவதில்லை. எழுப்பும் மணியின் வாயை மட்டும் அது பொத்துகிறது.

அந்தப் பொத்தலுக்கு விலை அதிகம். 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களிடம் தூக்க மருந்துகளைச் சோதித்த 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒருவருக்குத் தூக்கத்தில் பலன் கிடைக்க 13 பேருக்கு மருந்து தர வேண்டியிருந்தது. ஆறு பேருக்குத் தந்தாலே ஒருவருக்குப் பாதகம் நேர்ந்தது. தள்ளாட்டம், மறதி, பகல் சோர்வு ஆகியவையே அந்தப் பாதகங்கள். காரணம் எளிது. டயாஸெபம் போன்ற மருந்து இருபது வயது உடலில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகக் குறைகிறது. எண்பது வயதுக்காரர் உடலில் அதற்கு மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம். முதல் நாள் மாத்திரை கரையும் முன்பே இரண்டாவது, மூன்றாவது வந்து குவிகின்றன. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பீர்ஸ் 1991-இல் பட்டியலிடத் தொடங்கினார். இன்றுவரை புதுப்பிக்கப்படும் அந்தப் பட்டியலில் இந்த வகை மருந்துகளுக்கு முக்கிய இடம். மருந்துக் கடையில் சளிக்கென்று வாங்கி, தூக்கம் வருகிறதே என்று தொடரும் பழைய ஒவ்வாமை மாத்திரைகளும் அதில் உண்டு. அவை மூளையைக் குழப்பும், சிறுநீரைக் கட்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விழுங்கியவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சில சமயம் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் கேட்டு, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரையின் மயக்கம், நிறைந்த சிறுநீர்ப்பை, இருட்டு, ஈரத் தரை, காலில் சிக்கும் முண்டின் ஓரம். இவை ஐந்தும் சந்திக்கும் நேரம் பின்னிரவு. சந்திக்கும் இடம், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள பத்தடி. முதியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது அனேகமாக விழுவதால்தான். முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார் என்பது பல நாடுகளின் அனுபவம். பிழைப்பவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. "நன்றாகத்தான் இருந்தார், விழுந்தார், அதோடு போயிற்று" என்று ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல.

ஒருவர் எந்த அளவுக்குச் சுயமாக இருக்கிறார் என்பதை அளக்க மருத்துவர்கள் கையாளும் அளவுகோலும் இடுப்பெலும்பு முறிந்த நோயாளிகளிடமிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அவர்களைக் கவனித்த மருத்துவர் சிட்னி காட்ஸ், 1963-இல் ஆறு செயல்களைக் கொண்ட ஓர் அட்டவணையை வெளியிட்டார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. பெரும்பாலும் இந்த வரிசையிலேயே இவை கைநழுவுகின்றன. முதலில் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. தேறி வருபவர்கள் தலைகீழ் வரிசையில் மீட்கிறார்கள். குழந்தை வளரும்போது கற்கும் வரிசையும் ஏறக்குறைய இதுதான் என்று காட்ஸ் சுட்டிக்காட்டினார். ஆகவே "அம்மாவுக்கு இப்போதெல்லாம் குளிக்க யாராவது கூட வேண்டியிருக்கிறது" என்ற சாதாரண வாக்கியம் ஒரு முன்னறிவிப்பு. அந்த நிலையிலேயே கவனித்தால் மற்ற ஐந்தையும் வெகு காலம் காப்பாற்றலாம். இந்தியாவில் 2017-18-இல் நடந்த முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதல் சுற்றில், 60 வயதைக் கடந்தவர்களில் 24 சதவீதம் பேர் இத்தகைய அன்றாடச் செயல்களில் ஒன்றிலாவது தமக்குச் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள்.

மறுபக்கத்துக்கும் திருவனந்தபுரத்திலேயே சாட்சி உண்டு. முன்னாள் முதல்வர் வி. எஸ். அச்சுதானந்தன் 1923 அக்டோபர் 20-இல் பிறந்தவர். 1946-இல் போலீஸ் காவலில் உள்ளங்காலில் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துப்பட்டவர். அந்தக் காலோடுதான் எழுபது வருடம் அரசியலில் நடந்தார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த 2001-06 காலத்தில், எழுபதுகளின் கடைசியில், நில ஆக்கிரமிப்பைப் பார்க்க மதிகெட்டான் சோலை மலையேறினார். 82 வயதில் முதல்வரானார். 2016-இல் 92 வயதில் மலம்புழாவில் நின்று ஜெயித்தார். அதிகாலை விழிப்பு, நடை, யோகா, அளவான சாப்பாடு என்ற அவருடைய ஒழுங்கு கேரளம் அறிந்தது. அந்த ஒழுங்குக்கும் ஒரு எல்லை இருந்தது. 2019 அக்டோபரில் 96 வயதில் பக்கவாதம் தாக்கியது. பிறகு பொது வாழ்க்கையிலிருந்து ஒதுங்கி, குடும்பத்தாரின் கவனிப்பில் இருந்தார். 2025 ஜூலை 21-இல் 101 வயதில் மறைந்தார். கே. ஆர். கௌரி அம்மாவும் அப்படித்தான். 1919-இல் பிறந்த அவர் 2011-இல் தொண்ணூறைத் தாண்டிய பிறகும் தேர்தலில் நின்றார். 2021 மே மாதம், 101 வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார். கோவையில் யோகா ஆசிரியை நானம்மாள் தொண்ணூறுகளிலும் ஆசனம் கற்பித்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019-இல் 99 வயதில் மறைந்தார்.

இவர்களை உதாரணம் காட்டும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். நூறைத் தொட்டவர்களின் பழக்கத்தைப் பின்பற்றினால் எல்லோரும் நூறைத் தொட்டுவிட முடியாது. பரம்பரை, அதிர்ஷ்டம், வேளாவேளைக்குக் கவனிக்கும் ஆள், நல்ல மருத்துவம் எல்லாம் அதில் பங்கு கேட்கும். கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. ஒரு வேலையும், எழுந்து போக ஒரு இடமும், நாளுக்கு ஒரு ஒழுங்கும் அவர்களுக்குக் கடைசி வரை இருந்தன. நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாம இருங்க" என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேசாமல் இருப்பது உடலுக்கு எவ்வளவு கேடு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களின் கால்களிலிருந்து சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்கள் அறுபதுகளில் இருந்தவர்கள், நோயில்லாதவர்கள். தொண்ணூறு வயதுக்காரரைக் காய்ச்சலுக்குப் பத்து நாள் படுக்க வைத்தால் என்ன மிஞ்சும்? காய்ச்சல் போனாலும் எழுந்து நிற்கும் பலம் திரும்புவதில்லை.

ஆனால் போன பலம் திரும்பாது என்பதும் பொய். 1990-இல் போஸ்டன் நகர முதியோர் விடுதி ஒன்றில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் நடத்திய சோதனை முதியோர் மருத்துவத்தையே திருப்பிப்போட்டது. 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடை கட்டிப் பயிற்சி தந்தார். தொடையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தசைக்கு வயது தெரியாது என்பதல்ல பாடம். கேட்டால் தொண்ணூறிலும் அது பதில் சொல்கிறது என்பதுதான்.

எடை கட்ட வசதியில்லாத வீட்டிலும் ஒரு பயிற்சி உண்டு. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதிலிருந்து எழுந்து நின்று மெதுவாக உட்காருவது. முதலில் ஐந்து தடவை, காலையும் மாலையும். பக்கத்தில் ஓர் ஆள். முடிந்தவர் கையை ஊன்றாமல் செய்யலாம். கழிப்பறையிலிருந்து எழுவதற்கும் கட்டிலிலிருந்து எழுவதற்கும் இதே தசைகள்தான் வேலை செய்கின்றன. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரோரமாகப் பக்கவாட்டில் நாலடி நடப்பது ஆகியவை சமநிலைக்கு உதவும்.

தரையில் உட்கார்ந்து எழும் நம்முடைய பழக்கத்துக்கும் ஒரு மதிப்பு இருந்தது. பிரேஸில் நாட்டு மருத்துவர் க்ளாடியோ கில் அராவ்ஜோவும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கையோ முழங்காலோ ஊன்றினால் மதிப்பெண் குறையும். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அடுத்த சில வருடங்களில் இறக்கும் வாய்ப்பு, நன்றாகச் செய்தவர்களைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாக இருந்தது. எழ முடியாமை மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. உடம்பின் வலு, வளைவு, சமநிலை மூன்றையும் ஒரே நொடியில் காட்டும் கண்ணாடி அது. பந்தியில் தரையில் அமர்ந்து, கோலம் போட்டு, குந்திக் குளித்துப் பழகிய தலைமுறை இந்தப் பரீட்சையைத் தினமும் எழுதிக்கொண்டிருந்தது. அறுபதில் அதை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது. தொண்ணூறில், மூட்டு தேய்ந்தவர் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அவருக்கு உயரமான கழிப்பறை இருக்கையும் குளியலறையில் ஒரு ஸ்டூலுமே பாதுகாப்பு.

இந்த வயதில் சுயசார்புக்கு எதிரி பல சமயம் அன்புதான். சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். மருமகள் போட்டால் அரை நிமிடம். அவசரத்தில் மருமகள் போடுகிறாள். ஹோம் நர்ஸ் ஊட்டினால் சாதம் சிந்தாது, ஆகவே ஊட்டுகிறாள். ஆறு மாதத்தில் பொத்தான் போடும் விரலும் உருண்டை பிடிக்கும் விரலும் வேலையை மறக்கின்றன. பிறகு, "அவரால் முடியாது" என்பது உண்மையாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்பது, நேரம் கொடுப்பது, முடியாத இடத்தில் மட்டும் கைகொடுப்பது என்பதே சரியான உதவி. பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டி, நாடா கட்டும் பாவாடைக்குப் பதில் எலாஸ்டிக், கனத்த வாளிக்குப் பதில் சின்ன வாளி என்று பொருளை மாற்றினால் ஆளை மாற்ற வேண்டியதில்லை.

நல்ல இரவு காலையிலேயே தொடங்குகிறது. எழுந்தபின் அரை மணி நேரம் திண்ணையிலோ வாசலிலோ வெளிச்சத்தில் இருப்பது உடலின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல. சாயங்கால வெளிச்சத்தில் சிறிது நேரம் இருந்தால், எட்டு மணிக்கே கண் செருகுவது ஒன்பது, ஒன்பதரைக்குத் தள்ளிப்போகும். மூன்று மணி விழிப்பும் நாலரைக்கு நகரும். பகல் தூக்கத்தைச் சரக சம்ஹிதை பொதுவாக விலக்கினாலும், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பலவீனர்களுக்கும் அனுமதிக்கிறது. இன்றைய மருத்துவம் அதற்கு ஓர் அளவு மட்டும் சொல்கிறது: மதியம் மூன்று மணிக்குள், அரை மணி நேரம். காபி, டீ மத்தியானத்தோடு நிற்கட்டும். மாலையில் அரை மணி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் பாதத்து நீர் படுக்கும் முன்பே வடியும். நீர் இறக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பதைவிட எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமோ வானொலியோ கேட்டு, கண் சொக்கும்போது மறுபடி படுப்பது மேல்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவில்லை. கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படியும் அளவில் இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மங்கலான விளக்கு இரவு முழுதும் எரியட்டும். வழியில் மிதியடி, வயர், பேரன் வண்டி எதுவும் வேண்டாம். குளியலறையில் சுவரில் பதித்த கைப்பிடி வேண்டும்; துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது, ஆள் எடைக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருந்தால், உள்ளே விழுந்தவரை எளிதில் எடுக்கலாம். படுக்கும்போது முண்டோ புடவையோ கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். விழித்ததும் எழுந்துவிடாமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது கட்டாயம். தொலைவு முடியாதவருக்குக் கட்டிலருகே இரவுக் கழிகலம் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் வயது என்று தள்ளிவிடவும் கூடாது. நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் இரவைப் பகலாக்கி, ஆளை மறந்து, சம்பந்தமில்லாமல் பேசினால் அது தூக்கக் கோளாறு அல்ல. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் சோடியம் குறைவு, புது மருந்தின் விளைவு என்று ஏதோ நடக்கிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கத்தில் கத்தி, கைகால் வீசி, கனவை நடித்துக் காட்டுபவரை நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும். சிலருக்குப் பார்க்கின்ஸன் நோயின் முன்னோடி அது. அதிகாலை விழிப்போடு பசியின்மையும் "இருந்து என்ன" என்ற பேச்சும் சேர்ந்தால் மனச்சோர்வு. அதற்கு எந்த வயதிலும் சிகிச்சை உண்டு.

வீட்டு வாசலைத் தாண்டினால் பொறுப்பு ஊருடையது. சாலை கடக்கும் சிக்னல்களை வழக்கமாக நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனதில் வைத்து அமைக்கிறார்கள். தொண்ணூறு வயதுக்காரர் அதில் பாதி வேகம் நடந்தால் பெரிய விஷயம். பன்னிரண்டு மீட்டர் சாலையை இளைஞர் பத்து நொடியில் கடப்பார். அவருக்கு இருபது நொடி வேண்டும். கிழக்கே கோட்டையில் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நடைமேம்பாலம் வாகனங்களிடமிருந்து காப்பாற்றும்; ஆனால் முழங்கால் வலிக்காரருக்குப் படிக்கட்டு பாலமாகாது, லிஃப்ட் ஓடினால்தான் பாலம். உடைந்த நடைபாதைக் கல்லும் உட்கார இடமில்லாத பேருந்து நிறுத்தமும் ஒரு முதியவரின் தினசரி நடையை நிறுத்திவிடுகின்றன. நடை நின்றால் இரவுத் தூக்கமும் தொடர்ந்து போகும்.

கேரளம் சில அடிகள் எடுத்துவைத்திருக்கிறது. நகரங்களில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு நடமாடும் மருத்துவக் குழு மூலம் இலவச மருந்து தரும் வயோமித்ரம் திட்டம் உண்டு. நாட்டிலேயே முதலாவதாக, மாநில முதியோர் ஆணையத்துக்கான சட்டம் 2025 மார்ச்சில் சட்டசபையில் நிறைவேறியது. சென்னையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இல் அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உதவி கேட்க நாடு முழுவதற்கும் 14567 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. ஆனாலும் முதியோர் மருத்துவத்தில் பயின்ற டாக்டர்கள் நாட்டில் வெகு குறைவு. மாத்திரைச் சீட்டு எழுத இரண்டு நிமிடம் போதும். பத்து மாத்திரைகளில் எந்த நாலைக் குறைக்கலாம் என்று யோசிக்க அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரம் அரசு மருத்துவமனையின் நெரிசலில் கிடைப்பதில்லை. ஆணையங்களைவிட அவசரமாகத் தேவைப்படுவது அதுதான்.

அதுவரை குடும்பங்கள் தங்களுக்குள் ஒரு உடன்படிக்கைக்கு வரலாம். பெரியவர் மூன்று மணிக்கு விழிக்கட்டும். வீட்டையே எழுப்பும் டியூப் லைட்டுக்குப் பதில் தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு. அடுக்களையில் பாத்திரம் உருட்டாமலிருக்க, முந்தின இரவே பிளாஸ்கில் வெந்நீர். ஐந்து மணி வரை காதில் மாட்டிய வானொலி. பதிலுக்கு வீட்டார் மாத்திரையைப் பற்றிப் பேசாதிருக்க வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடிவந்து தோளைப் பிடிக்கவும் வேண்டாம். காலடியில் வெளிச்சமும் கைக்கெட்டும் தூரத்தில் பிடிமானமும் இருந்தால், கழிப்பறைக்குப் போய்விட்டு அவர் தானே திரும்பி வந்து படுத்துக்கொள்வார்.